நட்டம் யாரைச் சாரும்?

“ஏமாறுபவர் உள்ளவரை ஏமாற்றுபவரும் இருப்பர்” என்பது நம்மிடையே அடிக்கடி கேட்கும் கூற்று. கைத்தொலைபேசிக்கு வந்த பொய்ச் செய்தியை நம்பித் தம் ஓய்வூதியத்தைப் பறிகொடுத்த முதியவரைப் பற்றியோ, வெளிநாட்டில் வீட்டுவேலை செய்து மகள் அனுப்பிய பணம் ஒரே இரவில் வங்கிக் கணக்கிலிருந்து மறைந்துபோன குடும்பத்தைப் பற்றியோ செய்தி வரும்போதெல்லாம் இக்கூற்றும் உடன் வருகின்றது. அவர் இரகசிய இலக்கத்தைச் சொல்லியிருக்கக் கூடாது. வந்த செய்தியை நம்பியிருக்கக் கூடாது. இன்னும் விழிப்பாக இருந்திருக்க வேண்டும். இவ்வாறு நீளும் அறிவுரையின் முடிவில் நட்டம் அவருடையதாகவே நின்றுவிடுகின்றது.

விழிப்பு வேண்டாமென எவரும் கூறார். ஆயினும் பிரச்சினை முழுவதையும் பாமர மக்களின் அறியாமையாகக் காட்டும் இப்பார்வை சரியானதுதானா என்பதை நாம் வரலாற்றின் துணைகொண்டு ஆராய்தல் வேண்டும். ஒருவர் பெயரால் இன்னொருவர் பணம் பெறுவது இணையத்தோடு பிறந்த குற்றமன்று. கையொப்பம் பணமாக மதிக்கப்படத் தொடங்கிய நாளிலேயே கள்ளக் கையொப்பமும் தோன்றிவிட்டது. அன்று முதல் இன்றுவரை ஒரு வினா தொடர்ந்து எழுந்து வந்துள்ளது. கள்வன் தப்பிவிட்டான்; பணம் போய்விட்டது; எஞ்சியிருப்போரில் அந்த நட்டம் யாரைச் சாரும்? இவ்வினாவிற்கு ஒவ்வொரு காலத்துச் சமுதாயமும் அளித்த விடையிலேதான் எளிய மக்களின் பாதுகாப்பு தங்கியிருந்தது.

முதலில் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்து இருந்த நிலையை நோக்குவோம். பிரான்சுடன் நடந்த யுத்தத்தின் நெருக்கடியால் 1797இல் இங்கிலாந்து வங்கி தன் தாள்களுக்குப் பொன் கொடுப்பதை நிறுத்தியது. அதுவரை பெருந்தொகைத் தாள்களை மாத்திரமே வெளியிட்டுவந்த அவ்வங்கி, ஒரு பவுண், இரண்டு பவுண் தாள்களையும் அச்சிட்டது. இதனால் வணிகர் கைகளில் மட்டும் புழங்கிய தாள், எழுதப் படிக்கத் தெரியாத கூலியாளரின் கைக்கும் வந்து சேர்ந்தது. அத்தாள்களோ மிக எளிய அமைப்புடையவை. ஓரளவு தொழில் தெரிந்த செதுக்குவேலைக்காரன் எவனும் அவற்றைப் போலச் செய்துவிடலாம். கள்ளத்தாள்கள் பெருகின. அவற்றை அறியாது வாங்கியவர் வங்கிக்குக் கொண்டுசென்றால் வங்கி பணம் கொடாது. ஒரு வாரக் கூலி ஒரு கணத்தில் வெறுங்காகிதமாயிற்று.

வங்கி செய்ததென்ன? தாளைத் திருத்துவதற்கு முன்னர் வழக்குத் தொடுப்பதில் முனைந்தது. கள்ளத்தாள் செய்தலும் மாற்றுதலும் அன்று மரண தண்டனைக்குரிய குற்றங்கள். 1821இல் பொன் கொடுப்பது மீண்டும் தொடங்கும்வரை உள்ள ஏறத்தாழக் கால் நூற்றாண்டில் முந்நூறு பேருக்கு மேல் தூக்கிலிடப்பட்டனர். அவர்களிற் பெரும்பாலோர் தாளைச் செதுக்கிய வல்லவர்களல்லர். அதனைக் கடையில் மாற்ற முயன்ற ஏழைகளே. 1818இன் இறுதியில் லண்டன் யூரிமார் சிலர் எதிரிகளைக் குற்றவாளிகளெனக் கூற மறுத்தனர். இது கள்ளத்தாள் என்று எதனாற் கண்டீர்கள் எனக் கேட்டதற்கு, அதை வெளியிட இயலாது என வங்கியின் ஆட்கள் விடையிறுத்தமையே அதற்குக் காரணம். 1819இல் ஜோர்ஜ் குருக்சாங் என்னும் ஓவியர், தூக்குமரத்தில் வரிசையாகத் தொங்கும் உருவங்களைக் கொண்டு வங்கித்தாள் போன்றதொரு கேலிச்சித்திரத்தை வரைந்து வெளியிட்டார். அதனைக் காண மக்கள் திரண்டனர். தூக்குக் கயிறு கள்ளத்தாளைத் தடுக்கவில்லை என்பதை வங்கியாளர்களே பின்னர் உணர்ந்து, இத்தண்டனையை நீக்குமாறு 1830இல் பாராளுமன்றத்துக்கு விண்ணப்பித்தனர். 1837இல் அது முற்றாக ஒழிந்தது.

இவ்விடத்தில் ஒன்றை நாம் மனங்கொள்ளல் வேண்டும். போலியாக்க எளிதான தாளை வெளியிட்டது வங்கி. அதனால் வந்த நட்டமோ தாளைக் கையிற் பிடித்தவனுடையது. குறையைத் திருத்தக்கூடியவனுக்கு நட்டம் இல்லை. நட்டப்படுபவனுக்குத் திருத்தும் ஆற்றல் இல்லை.

அதே இங்கிலாந்தில், அதே காலத்தில், செல்வர்க்கு வேறொரு சட்டம் இருந்தது. பிறர் தம் பெயரால் எழுதும் உண்டியலுக்குப் பணம் கொடுக்கும் வணிகர் ஒருவர், கள்ளக் கையொப்பமிட்ட உண்டியல்களுக்கு ஏமாந்து பணம் கொடுத்துவிட்டு, அதனைத் திரும்பப் பெற வழக்காடினார். 1762இல் தீர்ப்பளித்த மான்ஸ்பீல்ட் பிரபு அதனை ஏற்கவில்லை. கையொப்பம் மெய்யானதா என்பதைப் பணம் கொடுக்குமுன் அறிந்துகொள்வது கொடுப்பவரின் கடமை என்றார். காசோலை பரவிய காலத்தில் இக்கருத்து மேலும் வலுப்பெற்றது. 1882ஆம் ஆண்டின் உண்டியற் சட்டம் கள்ளக் கையொப்பம் எவ்விதப் பயனுமற்றது என விதித்தது. அதாவது, என் பெயரை இன்னொருவன் எழுதினால் அது என் கட்டளையன்று. அதனை நம்பி வங்கி கொடுத்த பணம் வங்கியின் பணமேயன்றி என் பணமன்று. இவ்விதி நம் நாட்டுக்கும் புதியதன்று. 1927ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க உண்டியற் கட்டளைச் சட்டத்தின் வழியாக இலங்கையிலும் அது இடம்பெற்றது.

அவ்வாறாயின் வாடிக்கையாளர் எவ்வளவு கவனமின்றியும் நடக்கலாமோ என்று ஐயுறுவோர்க்கு 1918ஆம் ஆண்டின் தீர்ப்பொன்று விடை தருகின்றது. லண்டன் வணிக நிறுவனமொன்றின் எழுதுவினைஞன், இரண்டு பவுணுக்கெனக் காட்டிய காசோலையில் எழுத்தால் எழுதவேண்டிய இடத்தை வெறுமையாக விட்டு, எண்ணின் இருபுறமும் இடைவெளி வைத்து, முதலாளியிடம் கையொப்பம் பெற்றான். பின்பு அதனை 120 பவுணாக்கிப் பணத்தோடு மறைந்தான். இங்கு நட்டம் கவனமின்றிக் கையொப்பமிட்ட வாடிக்கையாளரையே சாரும் எனப் பிரபுக்கள் சபை தீர்த்தது. ஆகவே சட்டம் வாடிக்கையாளரின் கடமையையும் மறக்கவில்லை. ஆனால் அவர் கவனக்குறைவாக நடந்தார் என்பது ஒவ்வொரு வழக்கிலும் காட்டப்பட வேண்டியதொன்றாக இருந்தது. முன்கூட்டியே கொள்ளப்படுவதொன்றாக இருக்கவில்லை.

காசோலைக்காரர்க்குக் கிடைத்த இந்நீதி ஒரு பவுண் தாள்காரர்க்கு ஏன் கிடைக்கவில்லை? காசோலை எழுதியவர்கள் வணிகரும் நிலவுடைமையாளரும். அவர்கள் வங்கியோடு சமமாக நின்று பேசக்கூடியவர்கள். பாராளுமன்றத்திலும் நீதிமன்றத்திலும் செல்வாக்குடையவர்கள். கூலியாளருக்கு வங்கியிற் கணக்கே இல்லை. பாதுகாப்பு என்பது அறிவின் அளவுக்கேற்பக் கிடைத்ததன்று. வலிமையின் அளவுக்கேற்பக் கிடைத்தது என்பது இதனாற் பெறப்படும்.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வங்கிக் கணக்குத் தொழிலாளர்க்கும் உரியதாயிற்று. அதனைச் சாத்தியமாக்கியவற்றுள் பொறியும் ஒன்று. 1967 யூன் 27ஆந் திகதி லண்டனின் வடபுறத்திலுள்ள என்பீல்ட் என்னுமிடத்தில் பார்க்ளேஸ் வங்கி பணம் வழங்கும் பொறியொன்றைத் திறந்துவைத்தது. இன்று ஏ. ரி. எம். என நாம் வழங்கும் பொறிகளின் முன்னோடி அது. கையொப்பத்தின் இடத்தை நான்கு இலக்கங்கள் பிடித்துக்கொண்டன. கையொப்பத்தை எழுத்தாய்வாளர் ஒப்பிட்டு நோக்கலாம், கள்ளத்தைக் காட்டலாம். இலக்கத்தில் அவ்வாறு காட்ட ஏதுமில்லை. யார் அழுத்தினாலும் நான்கு நான்கே. சரியான இலக்கம் அழுத்தப்பட்டது, ஆகவே நீங்களே பணத்தை எடுத்திருக்க வேண்டும் என்று சொல்லும் வாய்ப்பு வங்கிக்குக் கிடைத்தது. காசோலைக் காலத்து நியதி இவ்வாறு ஆரவாரமின்றித் தலைகீழாயிற்று.

இந்நிலையில் அமெரிக்காவும் பிரித்தானியாவும் வெவ்வேறு வழிகளிற் சென்றன. 1958இல் கலிபோர்னியாவிலுள்ள பிரெஸ்னோ நகர மக்களுக்குக் கேளாமலே 60,000 கடன் அட்டைகள் தபாலில் அனுப்பப்பட்டன. பிற வங்கிகளும் இவ்வழியைப் பின்பற்றின. வழியில் திருடப்பட்ட அட்டைகளுக்கான கணக்குச் சீட்டு, அவ்வட்டையைக் கண்ணாலும் காணாதவர்களின் வீட்டுக்கு வந்தது. மக்கள் கொதித்தெழுந்தனர். அதன் விளைவாக 1970இல் அந்நாட்டுக் காங்கிரஸ் கேளாத அட்டைகளை அனுப்புவதைத் தடைசெய்து, திருட்டு அட்டையால் வரும் நட்டத்தில் வாடிக்கையாளரின் பங்கு 50 டொலரை மிஞ்சலாகாது என விதித்தது. 1978ஆம் ஆண்டின் சட்டம் பணப்பொறிகளுக்கும் இத்தகைய வரம்பை வகுத்தது. அட்டை தொலைந்ததை அறிந்து இரண்டு வேலைநாட்களுள் அறிவித்தவர்க்கு 50 டொலர். தாமதித்தவர்க்கு 500 டொலர். கணக்கறிக்கை வந்து 60 நாட்களாகியும் வாளாவிருந்தவர்க்கு வரம்பில்லை. எல்லாவற்றினும் முக்கியமானது, பணத்தை வாடிக்கையாளரே எடுத்தார் அல்லது எடுக்க இசைந்தார் என நிரூபிக்கும் பாரத்தை அச்சட்டம் வங்கியின்மேல் வைத்தமையாகும்.

பிரித்தானியாவில் அக்காலத்தில் இத்தகைய சட்டம் இருக்கவில்லை. தம் பொறிகள் தவறா என வங்கிகள் சாதித்தன. இங்கிலாந்தின் பொலிஸ்காரர் ஒருவர், தாம் எடாத பணம் தம் கணக்கிலிருந்து எடுக்கப்பட்டிருப்பதாக 1992இல் முறையிட்டார். பணம் திரும்பக் கிடைப்பதற்குப் பதிலாக, பொய் முறைப்பாட்டால் பணம் பெற முயன்றார் என அவர்மீதே வழக்கு வந்தது. 1994இல் குற்றவாளியெனத் தீர்க்கப்பட்டார். 1996இல் மேன்முறையீட்டில் விடுதலை பெறும்வரை அவர் பட்ட துன்பத்தை நாம் ஊகிக்கலாம். சட்டத்தின் காவலராய் நின்ற ஒருவரின் சொல்லே பொறியின் சொல்லுக்குமுன் எடுபடாதெனின், தோட்டத் தொழிலாளியின் சொல் எம்மாத்திரம்?

பொறியின் சொல்லை வேதமாக்கியதன் கொடுமை முழுவதும் அந்நாட்டுத் தபாற் கந்தோர் விவகாரத்தில் வெளிப்பட்டது. கணினி சரியாக இயங்கியது என்பதைக் காட்டினாலன்றி அதன் பதிவைச் சாட்சியமாக ஏற்கலாகாதென 1984ஆம் ஆண்டின் சட்டமொன்று விதித்திருந்தது. 1999ஆம் ஆண்டுச் சட்டம் அவ்விதியை நீக்கியது. அதே ஆண்டில் ஹொரைசன் என்னும் கணினி முறை உப தபாற் கந்தோர்களிற் பரவத் தொடங்கியது. அதன் பிழையான கணக்கை நம்பி, 2015 வரையில் 900க்கு மேற்பட்டோர் திருடரெனவும் மோசடிக்காரரெனவும் தீர்க்கப்பட்டனர். சிலர் சிறை சென்றனர், சிலர் வீடிழந்தனர். 2021இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் 39 பேரின் தீர்ப்புகளை ஒருசேர நீக்கியது. 2024இல் பாராளுமன்றம் தனிச்சட்டம் இயற்றி ஏனையோரின் களங்கத்தையும் துடைத்தது. இது அடையாளத் திருட்டன்று. ஆயினும் மனிதனின் சொல்லும் பொறியின் சொல்லும் மோதும்போது எதனை முதலில் ஐயுறுவது என்னும் அதே பிரச்சினைதான் இங்கும் அடிப்படையாக நிற்கின்றது.

பிரித்தானியப் பணப்பொறி மோசடிகளை ஆராய்ந்த கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்து ரொஸ் அண்டர்சன் 1993இல் வெளியிட்ட ஆய்வு இவ்விடத்தில் நினைவுகூரத்தக்கது. திருட்டுகளிற் பெரும்பாலானவை நுட்பமான கணித வித்தையால் நிகழ்ந்தவையல்ல. வங்கிகளின் மேற்பார்வைக் குறைவாலும் ஊழியர் தவறுகளாலும் நிகழ்ந்தவையே என அவர் காட்டினார். நட்டத்தைச் சுமக்கவேண்டிய அமெரிக்க வங்கிகள் காவலில் அக்கறை கொண்டிருக்க, நட்டத்தை வாடிக்கையாளர்மேற் சுமத்த முடிந்த பிரித்தானிய வங்கிகள் அசட்டையாக இருந்தன என்பதும் அவர் கருத்து. ஒரு பவுண் தாளின் கதையை அறிந்தோர்க்கு இது வியப்பளிக்காது.

பொறியோடு இலக்கமும் வளர்ந்தது. அமெரிக்கா 1936இல் தன் தொழிலாளர்க்குச் சமூகப் பாதுகாப்பு இலக்கங்களை வழங்கத் தொடங்கியது. ஓய்வூதியக் கணக்கை வைத்திருப்பதே அதன் நோக்கம். 1938இல் நியூயோர்க் மாநிலத்துப் பணப்பை உற்பத்திக் கொம்பனி ஒன்று, தன் பைகளுள் மாதிரி அட்டையொன்றை வைத்து விற்றது. அதில் அச்சிட்டிருந்ததோ அங்கு வேலைசெய்த பெண்ணொருத்தியின் மெய்யான இலக்கம். பையை வாங்கியவர்கள் அதுவே தமது இலக்கமென எண்ணிவிட்டனர். 1943இல் 5,755 பேர் அதனைப் பயன்படுத்தினர். காலப்போக்கில் 40,000க்கு மேற்பட்டோர் அதனைத் தமதெனக் காட்டினர். அடையாளம் காண்பதற்குரியதன்று எனப் பின்னர் அட்டையிலேயே அச்சிட்டும், வங்கிகளும் கடைகளும் அதனை அடையாளமாகவே கொண்டன. ஊரெல்லாம் அறிந்த இலக்கத்தைச் சொன்னவனே அவ்விலக்கத்துக்கு உரியவன் எனக் கொள்வது, பெயரைச் சொன்னவனிடம் வீட்டுத் திறப்பைக் கொடுப்பதற்கு ஒப்பாகும்.

1998இல் அமெரிக்கா அடையாளத் திருட்டைத் தனிக்குற்றமாக்கியது. பாதிக்கப்பட்டோர்க்கு அச்சட்டம் உதவியது உண்மையே. ஆயினும் ‘அடையாளத் திருட்டு’ என்னும் சொற்றொடரின் உட்பொருளை நாம் கவனித்தல் வேண்டும். ஒருவன் என் பெயரைச் சொல்லி வங்கியிற் கடன்பெற்றால், ஏமாந்தது யார்? பழைய சட்டத்தின்படி வங்கி. புதிய சொல்லின்படியோ, என்னிடமிருந்து ஏதோ களவுபோய்விட்டது. ஆகவே நானே பாதுகாத்திருக்க வேண்டும். நானே அலைந்து திரிந்து என் பெயரை மீட்கவும் வேண்டும். ஒரு சொல் மாறியதும் நட்டமும் கைமாறிவிட்டது. 2017இல் எகுவிபக்ஸ் என்னும் கடன் தகவற் கொம்பனியிலிருந்து ஏறக்குறைய 14 கோடியே 70 இலட்சம் அமெரிக்கரின் விபரங்கள் களவாடப்பட்டன. அவர்களுட் பலர் அக்கொம்பனிக்குத் தம் விபரங்களை ஒருபோதும் தாமாகக் கொடுத்தவர்களல்லர். இவர்கள் எவ்விதத்தில் விழிப்பாக இருந்திருக்க முடியும்?

இன்று கள்வன் இன்னொரு படி சென்றுள்ளான். அவன் நம்மைப்போல் நடிப்பதோடு நில்லாமல் வங்கியைப்போலவும் பொலிசைப்போலவும் நடித்து, நம் கையாலேயே பணத்தை அனுப்பச் செய்கின்றான். 2021 டிசெம்பரில் சிங்கப்பூரின் ஓ. சி. பி. சி. வங்கியின் பெயரால் வந்த குறுஞ்செய்திகளை நம்பி ஏறத்தாழ 790 பேர் 137 இலட்சம் சிங்கப்பூர் டொலரை இழந்தனர். பொய்ச் செய்திகள் வங்கியின் மெய்ச் செய்திகளின் வரிசையிலேயே வந்து அமர்ந்திருந்தன, படித்தோரும் ஏமாந்தனர். பெருங்கண்டனம் எழுந்தபின் வங்கி முழுத்தொகையையும் திருப்பிக் கொடுத்தது. வாடிக்கையாளர்க்கு அனுப்பும் குறுஞ்செய்திகளில் இணைப்புகளை நீக்குமாறு அந்நாட்டு வங்கிகள் அனைத்தும் பணிக்கப்பட்டன. பிரித்தானியாவும் தன் பழைய நிலையை மாற்றியது. ஏமாற்றப்பட்டுத் தாமே பணம் அனுப்பியோர்க்கும் 85,000 பவுண் வரை வங்கிகள் ஈடுசெய்ய வேண்டுமென்னும் விதி 2024 ஒக்டோபர் 7ஆந் திகதி நடைமுறைக்கு வந்தது. அனுப்பிய வங்கியும் பெற்ற வங்கியும் அதனைச் சரிபாதியாகச் சுமக்கும். வாடிக்கையாளரின் மிகப்பெரும் அசட்டையை வங்கி காட்டினால் மாத்திரமே, அதுவும் நலிந்த நிலையிலுள்ளோர் அல்லாதவரிடத்தே, மறுக்கலாம். கள்வனின் பணம் வந்துசேரும் வங்கிக்கும் இவ்விதியால் முதன்முறையாகக் கண் திறந்தது எனலாம்.

ஏமாறுவது பாமரர் மட்டுமே என எண்ணுவோர்க்கு இன்னுமொரு நிகழ்ச்சி. 2016 பெப்ரவரியில் வங்காளதேச மத்திய வங்கியின் கணினிகளுட் புகுந்த கள்வர், அவ்வங்கியின் பெயரால் நியூயோர்க்குக்குக் கட்டளைகளை அனுப்பினர். 8 கோடியே 10 இலட்சம் டொலர் பிலிப்பைன்ஸ் சென்று மறைந்தது. இலங்கைக்கு அனுப்பிய இரண்டு கோடி டொலர் மாத்திரம் தப்பியது. பணம் பெறும் நிறுவனத்தின் பெயரில் இருந்த எழுத்துப் பிழையைக் கண்டு, இடையில் நின்ற வங்கியொன்று ஐயுற்று வினவியமையே காரணம். ஒரு நாட்டின் மத்திய வங்கி ஏமாற்றப்பட்டபோது அதனைச் சர்வதேசக் குற்றம் என்றனர். கிராமத்துப் பெண்ணொருத்தி ஏமாற்றப்படும்போது அதனை அவளின் அறியாமை என்கின்றனர். கொழும்புக்கு வந்த பணத்தைக் காத்தது அறிவுரையன்று. பணத்தை நகர்த்துபவர் ஒரு கணம் நின்று வினவியமையே என்பதும் நோக்கற்பாலது.

நம் நாட்டின் நிலை யாது? 2006ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கச் சட்டம் கொடுப்பனவு அட்டை மோசடிகளையும், 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கச் சட்டம் கணினிக் குற்றங்களையும் தண்டிக்க எழுந்தவை. தண்டனை வேண்டியதே. ஆனால் தூக்குமரம் நிறுத்தாத கள்ளத்தை, கடல்கடந்து ஒளிந்திருப்பவனை எட்டாத சிறைத்தண்டனை நிறுத்துமோ? 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், மக்களின் விபரங்களை வைத்திருப்போர்க்குக் கடமைகளை வகுத்தது. எனினும் அதன் முக்கிய பகுதிகள் உடனே நடைமுறைக்கு வரவில்லை. 1968ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் 1972 முதல் வழங்கப்பட்டுவரும் தேசிய அடையாள அட்டையை எண்ணிப் பாருங்கள். அதன் இலக்கமே பிறந்த ஆண்டையும் நாளையும், ஆணா பெண்ணா என்பதையும் வெளிப்படையாகச் சொல்லிவிடும். அவ்வட்டையின் பிரதியை நாம் எத்தனை கந்தோர்களில், எத்தனை கடைகளிற் கொடுத்துவிட்டு வருகின்றோம்! இத்தகைய இலக்கம் ஒருவரின் பெயராக இருக்கலாம். அவர் இசைவுக்குச் சான்றாக இருத்தலாகாது.

ஆகவே நாம் கோரவேண்டியவை தெளிவானவை. தாம் செய்யவில்லையென வாடிக்கையாளர் உரிய காலத்தில் அறிவித்த கொடுப்பனவுக்கு, அவரே செய்தார் என நிரூபிக்கும் பாரம் வங்கியுடையதாதல் வேண்டும். அவர் சுமக்கும் பங்குக்குச் சட்டத்தால் எல்லை வேண்டும். கள்வனின் கணக்கை வைத்திருந்த வங்கியும் நட்டத்திற் பங்கேற்றல் வேண்டும். பழக்கமில்லாத பெருந்தொகை வெளியேறும்போது நிறுத்தி வினவும் முறையும், எச்சரிக்கையையும் முறைப்பாட்டையும் மக்கள் தத்தம் மொழியிற் பெறவும் செய்யவும் வழியும் வேண்டும். இவற்றுள் எதுவும் கற்பனையன்று. ஏதோவொரு நாட்டில் மக்கள் போராடிப் பெற்றவையோ, அனுபவம் கற்பித்தவையோதாம்.

அதுவரை நாமும் வாளாவிருத்தல் தகாது. இரகசிய இலக்கத்தை எவர் கேட்பினும் சொல்லலாகாது. தொலைபேசியில் அவசரப்படுத்துபவரை நம்பாது, வங்கிப் புத்தகத்திலுள்ள இலக்கத்துக்கு நாமே பேசிக் கேட்டல் நன்று. பணம் போனதை அறிந்த அக்கணமே வங்கிக்கு எழுத்தில் அறிவித்து, அதன் பிரதியையும் நேரத்தையும் காத்துவைத்தல் வேண்டும். ஏமாற்றப்பட்டவர் வெட்கப்பட்டு மறைப்பதே கள்வனுக்குப் பெருந்துணை. அவரை எள்ளி நகையாடாது, முறைப்பாட்டை எழுதுவதற்கு அருகிலிருந்து உதவுவது படித்தோர் கடமை.

கள்ளக் கையொப்பம் என் கையொப்பமன்று என்பது காசோலைக்காரர் 19ஆம் நூற்றாண்டிலேயே பெற்றுவிட்ட நீதி. நான் அனுப்பாத கட்டளையும் வஞ்சகத்தால் என்னிடமிருந்து பறித்த கட்டளையும் என் கட்டளையல்ல என்பதே கைத்தொலைபேசிக்காரர் இன்று கேட்கும் நீதி. முன்னது செல்வர்க்கு எளிதிற் கிடைத்தது. பின்னதைப் பெறுவதற்கு எளியோர் ஒன்றுசேர்ந்து குரல் கொடுத்தல் வேண்டும்.